டிவிக்கு நீங்கள் யாரென்று தெரிய வேண்டுமா?

போன மாதம் இந்தப் பகுதியில், "உங்கள் வீட்டில் எத்தனை பொருள்களில் லாகின் செய்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஜெயநகர் வாசகர் ஒருவர் 17 என்று கணக்கெடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் ஒன்று துணி துவைக்கிற மெஷின். "அழுக்குத் துணி யாருடையது என்று அதற்கு எதற்குத் தெரிய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். இந்த மாதக் கடிதங்கள் எல்லாமே அந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். டிவி பெட்டிக்குள் ஓடும் சாஃப்ட்வேரை 26 வருடம் எழுதினேன். இப்போது ஓய்வு. மாடி போர்ஷன் வாடகையும் இந்தப் பத்தியும்தான் பிழைப்பு.

*

அன்புள்ள அக்கா, எனக்கு 29 வயது. டிவி, கார், கைக்கடிகாரம், வாசல் கேமரா எல்லாவற்றிலும் ஒரே மாதிரி லாகின் செய்யும்படி ஒரு ஸ்டாண்டர்ட் எழுத ஏழு கம்பெனிகள் சேர்ந்து குழு போட்டிருக்கிறோம். மூன்று மாதமாகியும் 'ஸ்கோப்' என்ற முதல் பக்கத்தை, அதாவது எது உள்ளே எது வெளியே என்று சொல்லும் பக்கத்தை, தாண்டவில்லை. ஒருவர் பணம் கட்டுவதையும் சேர்க்கச் சொல்கிறார். ஒருவர் குழந்தைகளுக்கான பூட்டு இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். எங்கள் மேனேஜர், "எல்லாத்தையும் போட்டுருப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். நீங்கள் இந்த மாதிரி குழுக்களில் உட்கார்ந்தவராயிற்றே, என்ன செய்யட்டும்?
(ஒயிட்ஃபீல்டு வாசகர்)

தம்பி, மூன்று மாதமெல்லாம் ஒரு தாமதமா? நான் இருந்த குழு ஒன்றில் முதல் பக்கத்துக்கே ஒன்றரை வருடம் ஆனது. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரைக்குப் பேச்சு ஆரம்பிக்கும். கலிஃபோர்னியாக்காரர்களுக்கு அது காலை நேரம். குளித்துவிட்டுக் காபியோடு தெம்பாக வந்து உட்கார்வார்கள். நான் கேமராவை அணைத்துவிட்டு மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன். பேச்சு என்னவோ பெரிய இங்கிலீஷில்தான் நடக்கும். நடப்பது வரப்புத் தகராறு. இந்த அடி உன்னுடையதா, என்னுடையதா?

மேனேஜர் சொல்வதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் போட்ட ஸ்டாண்டர்டை ஒருவரும் முழுதாகச் செய்ய மாட்டார்கள். ஒரு கம்பெனி ஒரு பாதியைச் செய்யும், இன்னொன்று மறு பாதியைச் செய்யும், இரண்டுமே 'ஸ்டாண்டர்டுபடி' என்று பெட்டியில் அச்சடிக்கும். டிவியும் காரும் ஒன்றோடொன்று பேசாது.

எடுத்துப் படிக்க வேண்டியது 2012 அக்டோபரில் வந்த ஓ-ஆத் 2.0. பாஸ்வேர்டைக் கொடுக்காமலே ஒரு ஆப்புக்கு நம் கணக்கில் அனுமதி தருகிற முறை. இணைய ஸ்டாண்டர்டுகளை வெளியிடும் ஐஈடிஎஃப் அமைப்பின் வெளியீடு, எண் 6749. இன்றைக்கு நாம் செய்யும் லாகின்களில் பலவற்றுக்கு அதுதான் அஸ்திவாரம். அதில் ஒரு வாக்கியம் வரும்: பயனரை எப்படிச் சரிபார்ப்பது என்பது, அது பாஸ்வேர்டோ வேறெதுவோ, இந்த ஆவணத்தின் எல்லைக்கு வெளியே. அதன்மேல் கட்டி 2014 பிப்ரவரியில் வந்த, உள்ளே வந்தது யார் என்று சேவைக்குச் சொல்லும் ஓப்பன்ஐடி கனெக்டும் இதையே சொல்கிறது. முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. லாகினுக்கென்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு ஆளைச் சரிபார்க்கும் இடத்தில் நழுவினால் என்ன அர்த்தம்? பருப்பைப் பற்றிப் பேசாத சாம்பார்ச் செய்முறை மாதிரி.

புரிந்தது ஒரு தர்ஷினியில். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், அது நின்றுகொண்டே சாப்பிடுகிற ஹோட்டல். கல்லாவில் பணம் கட்டினால் ஒரு சீட்டு தருவார்கள். அதைத் தோசைக்கல் பக்கம் கொண்டுபோய் நீட்ட வேண்டும். அங்கே நிற்பவர் சீட்டைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். 'ஒரு மசால் தோசை' என்றிருந்தால் மசால் தோசை. அதே சீட்டுக்குக் காபி கிடைக்காது, நேற்றைய சீட்டுக்கு இன்றைக்கு எதுவும் கிடைக்காது. நான் சில்லறையாகக் கொடுத்தேனா, ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டித் திட்டு வாங்கினேனா என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம். 2016இல் யுபிஐ வந்தது. கல்லாவில் ஒரு கியூஆர் அட்டையை ஒட்டினார்கள். தோசைக்கல் பக்கம் ஒரு கரண்டிகூட இடம் மாறவில்லை.

அந்த நழுவல் வாக்கியம் செய்த வேலையும் அதுவே. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் பாஸ்வேர்டு இல்லாமல், போனைத் திறக்கிற விரல் ரேகையோ முகமோ பின்னோ வைத்து உள்ளே போகும் பாஸ்கீ முறைக்கு ஆதரவை விரிவாக்கப்போவதாகச் சேர்ந்து அறிவித்தன. கல்லாவில் ஆளைச் சரிபார்க்கும் முறை மாறியது, அவ்வளவுதான். சீட்டு கொடுக்கும் ஸ்டாண்டர்டை அதற்காகத் திருப்பி எழுத வேண்டி வரவில்லை.

ஆகவே வெளியே விடுவது தப்பில்லை. ஆனால் வெளியே விடுவதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, 'இதை இன்னொருவர் ஒழுங்காகச் செய்கிறார், நமக்கு எதற்கு' என்று விடுவது. இன்னொன்று, 'இது கஷ்டம், பேசினால் சண்டை வரும்' என்று விடுவது. ஆவணத்தில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான் போடுவார்கள். உங்கள் குழுவில் வெளியே தள்ளும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, 'நாம் விட்டால் இது யார் தலையில் விழும்?' என்று எழுதச் சொல்லுங்கள். இன்னொரு ஸ்டாண்டர்டின் பெயர் வந்தால் சரி. 'வீட்டுக்காரர்' என்று வந்தால் அந்த வரியை உள்ளே கொண்டுவாருங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது என் மாடி போர்ஷனில். டிவியோடு வாடகைக்கு விட்டிருந்தேன். பெங்களூர் வழக்கப்படி 11 மாத ஒப்பந்தம். ஒரு பையன் காலி செய்துவிட்டுச் சென்னைக்குப் போனான், அடுத்து ஒரு தம்பதி வந்தார்கள். இரண்டாவது வாரம் அந்தப் பெண் இறங்கி வந்து, "ஆன்ட்டி, டிவி சும்மா இருக்கும்போது யாரோ கல்யாண போட்டோவா வருது" என்றாள். போய்ப் பார்த்தேன். காலி செய்த பையன் மாலையும் கழுத்துமாகத் திரையில் நிற்கிறான். ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்திருக்கிறான். போட்டோக்கள் அவன் கணக்கில் ஏறியிருக்கின்றன, அந்தக் கணக்கு இன்னும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எனக்குப் பத்திரிகைகூட வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வாரமே குழுவில் இதைச் சொன்னேன். ஆள் மாறும்போது என்ன ஆக வேண்டும் என்பதை ஸ்கோப்பில் சேர்க்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒருவர் ரொம்பப் பணிவாக, அது அபூர்வமாக நடப்பதாயிற்றே என்றார். பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை வீடு மாறுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்! அன்றைக்கு மோர் சாதத்தை வைத்துவிட்டுக் கேமராவைப் போட்டேன். கடைசியில் ஒரு பத்தி சேர்த்தார்கள். 'செய்யலாம்' என்றுதான் எழுதினார்கள், 'செய்தே ஆக வேண்டும்' என்று எழுதவில்லை. ஸ்டாண்டர்ட் பாஷையில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னும் ஒன்று. சாதனங்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போடாதீர்கள். டிவி, கார், கடிகாரம் என்று எழுதினால் அடுத்த வருடம் பேசும் கண்ணாடி வந்து நிற்கும். 2019 ஆகஸ்டில் வந்த ஐஈடிஎஃப் வெளியீடு 8628ஐப் பாருங்கள். கீபோர்டு இல்லாத சாதனங்களில் லாகின் செய்வதற்கான ஸ்டாண்டர்ட் அது. தனக்குத் தேவையானவற்றை நான்கே நிபந்தனையாக வைக்கிறது: சாதனம் ஏற்கெனவே இணையத்தில் இருக்க வேண்டும், பாதுகாப்பான இணைப்பில் வெளியே கேள்வி அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு முகவரியையும் ஒரு குறியீட்டையும் எப்படியாவது ஆளுக்குத் தெரியப்படுத்த வேண்டும், ஆளிடம் போனோ கம்ப்யூட்டரோ இருக்க வேண்டும். ஸ்மார்ட்போன் மாதிரி வசதியுள்ள சாதனத்துக்கு இது வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டார்கள். உங்கள் வாசல் கேமராவுக்குத் திரையும் இல்லை, குரலும் இல்லை என்றால் அது மூன்றாவது நிபந்தனையிலேயே வெளியே போய்விடும். ஒரு மாதச் சண்டை மிச்சம்.

பணம் கட்டுவதை விடுங்கள், அதற்கு ஆள் இருக்கிறார்கள். குழந்தைப் பூட்டையும் விடலாம். ஆனால் 'ஒரு சாதனத்தில் பல பேர்' என்பதை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் பின்னால் யாரும் பூட்டைக் கட்டவே முடியாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஓ-ஆத்தில் 'ஸ்கோப்' என்றே ஒரு அளவுரு இருக்கிறது, 'மசால் தோசை மட்டும்' என்று சீட்டில் எழுதுகிற அந்த இடம். எங்கள் குழுவில் ஒரு முழு ராத்திரி இரண்டு பேர் ஸ்கோப்பைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ஒருவர் ஆவணத்தின் எல்லையைச் சொல்ல, மற்றவர் சீட்டின் எல்லையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினொன்றேகாலுக்குத்தான் தெரிந்தது.

*

பிடிஎம் லேஅவுட்டில் மூன்று பேர் சேர்ந்து இருந்தோம். என் கணக்கில்தான் எல்லோரும் படம் பார்ப்போம். சண்டை வந்து ஒருவன் தன் டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். ஆனாலும் அவன் பார்க்கிறான் என்று 'தொடர்ந்து பார்க்க' பட்டியல் காட்டிக்கொடுக்கிறது. எப்படி?
(பிடிஎம் லேஅவுட் வாசகர்)

மேலே சொன்ன தர்ஷினிதான். நீங்கள் கல்லாவின் பூட்டை மாற்றியிருக்கிறீர்கள். அவன் கையில் ஏற்கெனவே வாங்கிய சீட்டு இருக்கிறது.

முதல் தடவை லாகின் செய்ததோடு பாஸ்வேர்டின் வேலை முடிந்தது. டிவி அதை வைத்துக்கொள்வதில்லை. அதற்குக் கிடைப்பது டோக்கன், அதுதான் அந்தச் சீட்டு. பெரும்பாலும் இரண்டு டோக்கன்: சீக்கிரம் காலாவதியாகும் ஒன்று, அது தீர்ந்ததும் புதிதாக வாங்கிக்கொள்ள நீண்ட நாள் செல்லும் இன்னொன்று. பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா டோக்கனையும் ரத்து செய்யும் நிறுவனங்கள் உண்டு, அப்படியே விட்டுவிடும் நிறுவனங்களும் உண்டு. உங்களுடையது இரண்டாவது வகை. கணக்கின் அமைப்புகளுக்குள் போய்ச் 'சாதனங்கள்' என்ற இடத்தில் 'எல்லாவற்றிலிருந்தும் வெளியேறு' என்பதைத் தேடி அழுத்துங்கள். உங்கள் போனும் வெளியே வந்துவிடும், பரவாயில்லை.

டோக்கனை ரத்து செய்யக் கேட்கும் முறைக்கு 2013லேயே ஒரு ஸ்டாண்டர்ட் வந்துவிட்டது. ஆனால் கேட்க வேண்டியது டிவியில் இருக்கிற ஆப். உங்கள் பழைய நண்பன் ஹாலில் இருக்கிற டிவி எதற்குக் கேட்கப்போகிறது? ஓப்பன்ஐடி கனெக்டில் லாகின் பகுதி இறுதியானது 2014 பிப்ரவரி. லாகவுட் பகுதிகள் இறுதியானது 2022 செப்டம்பர். உள்ளே போகத் தெரிந்து, வெளியே வரும் வழி தெரிய எட்டரை வருடம். அபிமன்யுவுக்கு அவ்வளவு அவகாசம் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான்.

*

பேரன் புது டிவி வாங்கிக் கொடுத்தான். திரையில் எட்டு இங்கிலீஷ் எழுத்து வருகிறது, அதைப் போனில் அடிக்கச் சொல்கிறது. ஐந்து தடவை முயன்றேன், ஐந்தையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில்கூட ஏ, இ, ஐ, ஓ, யு வரவில்லை. டிவி பழுதா?
(விவேக் நகர் வாசகி)

அம்மா, உங்களை எங்கள் டெஸ்டிங் டீமில் சேர்த்திருக்க வேண்டும். டிவி நன்றாகவே இருக்கிறது.

மேலே சொன்ன 8628 ஸ்டாண்டர்ட் இதற்கென்றே ஒரு யோசனை சொல்கிறது. இங்கிலீஷில் உயிரெழுத்தைத் தள்ளிவிட்டு 20 மெய்யெழுத்துகளை மட்டும் பயன்படுத்து என்கிறது. அரை உயிர் மாதிரி நடந்துகொள்ளும் 'ஒய்' எழுத்தையும் சேர்த்தே தள்ளிவிட்டார்கள். காரணம் வேடிக்கையானது. எழுத்துகளை மெஷின் குலுக்கிப் போடுகிறது. உயிரும் மெய்யும் கலந்தால் எப்போதாவது ஒரு கெட்ட வார்த்தை விழுந்துவிடும், உங்கள் வீட்டு ஹாலில், 55 அங்குலத் திரையில், பேரக் குழந்தைகள் முன்னால். உயிர் இல்லாத மெய்யால் யாரையும் திட்ட முடியாது. ஆவணத்தில் உதாரணமாகக் கொடுத்திருப்பது 'டபிள்யூ-டி-ஜே-பி, எம்-ஜே-எச்-டி'. வாயில் வைத்துப் பாருங்கள், பல் ஆடும். எட்டு எழுத்தில் 2,560 கோடி விதம் வரும் என்பதால் குருட்டாம்போக்கில் யாரும் அடித்துப் பிடிக்க முடியாது.

நீங்கள் கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிற நேரத்தில் டிவி சும்மா இல்லை. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை சர்வரைக் கூப்பிட்டு, 'ஆச்சா?' என்று கேட்கிறது. சர்வர், 'இன்னும் இல்லை' என்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தை, 'ஊர் வந்துடுச்சா' என்று கேட்கிற மாதிரி. ரொம்ப நச்சரித்தால் 'மெதுவாகக் கேள்' என்று ஒரு பதில் வரும், அதன்பிறகு இன்னும் ஐந்து விநாடி கூடுதலாகப் பொறுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. சில நிமிடம் போனால் குறியீடே செல்லாது. உங்களுக்கு ஐந்து தடவை ஆனது அதனால்தான். முதலில் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்புறம் டிவியில் லாகினை அழுத்துங்கள்.

ஆனால் ஒன்றை மனதில் போட்டு வையுங்கள். உங்கள் கண்ணெதிரே, உங்கள் டிவியில் தெரிகிற குறியீட்டை மட்டும் அடியுங்கள். எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு ஒரு போன் வந்தது: "சார், உங்க கனெக்‌ஷன் புதுப்பிக்கணும், நான் சொல்ற எட்டு எழுத்தை இந்த பேஜ்ல போடுங்க." அவர் பாஸ்வேர்டைச் சொல்ல மாட்டார், ஓடிபியைச் சொல்ல மாட்டார், அதிலெல்லாம் கெட்டிக்காரர். இதில் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லையே, போட வேண்டியதுதானே இருந்தது. போட்டார், 'அனுமதி' என்பதை அழுத்தினார். அந்த எட்டு எழுத்து, போன் செய்தவனின் கம்ப்யூட்டரில் தெரிந்த எழுத்து. அவன் வாத்தியாராக உள்ளே போய்விட்டான்.

இந்த ஆபத்தை அந்த ஸ்டாண்டர்டே 2019இல் எழுதி எச்சரித்திருக்கிறது. 2025 பிப்ரவரியில், ஒரு கும்பல் இதே வழியில் அலுவலகக் கணக்குகளைப் பிடிப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. குறியீட்டு முறையின் பலவீனம் இதுதான். டிவியும் போனும் ஒரே அறையில் இருக்கின்றனவா என்று அது பார்ப்பதில்லை. போனில் இருக்கும் பாஸ்கீயைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தும்போது கியூஆரோடு ப்ளூடூத்தையும் வைத்து, இரண்டும் அருகில்தான் இருக்கின்றன என்று உறுதி செய்துகொள்வார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவன் அந்த கியூஆரைப் படம் எடுத்து அனுப்பினாலும் வேலைக்காகாது. ஒயிட்ஃபீல்டு தம்பி, இதையும் படித்துவிடுங்கள்.

*

12 இலக்க ஆதார் இருக்கும்போது எதற்கு இத்தனை லாகின்? ஒரே நம்பரில் டிவி, ஏசி, கார் எல்லாம் திறக்கும்படி செய்யக் கூடாதா?
(ஸ்ரீராமபுரம் வாசகர்)

ஐயா, இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாக்கிவிட்டீர்கள். ஆதார் பதில் சொல்வது 'நீ யார்?' என்பதற்கு. டிவி கேட்க வேண்டியது 'நேற்று வந்தவர்தானா நீ?' என்பதை. மளிகைக்கடை அண்ணாச்சிக்கு நம்மை முப்பது வருடமாகத் தெரியும், முழுப்பெயர் தெரியாது. கணக்கு நோட்டில் 'மாடி வீட்டம்மா' என்றுதான் இருக்கும். கடன் வசூலாகாமலா போய்விட்டது?

ஓப்பன்ஐடி கனெக்டில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒரே ஆளுக்கு ஒவ்வொரு சேவையிலும் வேறு வேறு அடையாள எண் கொடுக்கலாம். அப்போது ஏசிக் கம்பெனியும் டிவிக் கம்பெனியும் தங்கள் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும், இரண்டிலும் இருப்பது ஒரே ஆள் என்று அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆதார் எண்ணை எல்லா இடத்திலும் போட்டால் நேர் எதிர். நீங்கள் எத்தனை மணிக்கு ஏசி போட்டீர்கள், எங்கே கார் ஓட்டினீர்கள், என்ன படம் பார்த்தீர்கள் எல்லாம் ஒரே எண்ணின் கீழ் வரிசையாக நிற்கும்.

ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டவரே நம்ம ஊர்க்காரர்தான். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டஸ்வாமி, எண்பது வயதைத் தாண்டியபின் 2012இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னதும், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டு ஆதாரைக் கேட்க வழிவிட்ட 57ஆம் பிரிவின் பகுதி 2018 செப்டம்பர் 26 அன்று செல்லாமல் போனதும் அந்த வழக்கில்தான். 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, நாமே விரும்பிக் கொடுக்கலாம் என்று சில கதவுகள் திறந்தன. விரும்பிக் கொடுப்பவர்கள்கூட ஆதார் எண்ணுக்குப் பதிலாக 16 இலக்க விர்ச்சுவல் ஐடியைக் கொடுக்கலாம், அதை வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆதாரை அப்படி மாற்ற முடியாது, விரல் ரேகையை மாற்றவே முடியாது. ஏசி போட அவ்வளவு பெரிய சாவி எதற்கு?

*

ஸ்மார்ட் பல்பு வாங்கினேன். அதில் 11 இலக்க எண் ஒட்டியிருக்கிறது. பல்புக்குமா பாஸ்வேர்டு?
(கே.ஆர். புரம் வாசகர்)

பாஸ்வேர்டு இல்லை, அறிமுகச் சீட்டு. வேறு வேறு கம்பெனிகளின் வீட்டுச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2022 அக்டோபரில் வந்த மேட்டர் ஸ்டாண்டர்டின் எண் அது. பல்பை உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் சேர்க்கும்போது ஒரு தடவை கேட்கும். பல்பின் சொந்தக்காரர் பெயர் என்ன, ஈமெயில் என்ன என்பதில் மேட்டருக்கு அக்கறை இல்லை. அதெல்லாம் ஆப் கம்பெனிகள் பாடு என்று விட்டுவிட்டார்கள். ஸ்கோப் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பேன். ஸ்டிக்கரை உரித்துப் போடாமல், போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். உயரத்தில் மாட்டியபின் ஏணி போட்டு ஏறி எண் படிப்பது சுகமான வேலை இல்லை.

*

அப்பா போன வருடம் இறந்துவிட்டார். டிவி, இன்வெர்ட்டர், ஸ்கூட்டர் ஆப் எல்லாம் அவர் நம்பரில். துக்கத்தில் யாரும் சிம்முக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. இப்போது ஸ்கூட்டர் ஆப் திறந்தால் ஓடிபி அந்த நம்பருக்குப் போகிறது. கூப்பிட்டுப் பார்த்தேன். அப்பா நம்பரில் வேறு யாரோ எடுத்துப் பேசினார்.
(மத்திகெரே வாசகி)

அம்மா, அந்தக் குரலைக் கேட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது.

துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் வரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது இங்கே விதி. அதற்குப் பிறகு கொடுக்கலாம். எடுத்துப் பேசியவர் மேல் தப்பில்லை. போன் எண்ணை ஆளின் அடையாளமாக எடுத்துக்கொண்ட கம்பெனிகள் மேல்தான் தப்பு. ஓப்பன்ஐடி கனெக்ட் 2014லேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஒரு ஆளை நிலையாக அடையாளம் காண, அடையாளம் வழங்கிய நிறுவனத்தின் பெயரையும் அது கொடுத்த உள் எண்ணையும் சேர்த்து மட்டும் நம்பு. ஈமெயில், போன் எண்ணெல்லாம் கை மாறும், நம்பாதே. விதி ஸ்கோப்புக்கு உள்ளேதான் இருந்தது. கடைப்பிடிக்கத்தான் ஆள் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: ஸ்கூட்டரின் பதிவுச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றோடும் ஷோரூமுக்கு நேரில் போங்கள். ஆப்பின் ஹெல்ப்லைனில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரில் ஒரு ஆள் இருந்தால் வேலை நகரும். இன்வெர்ட்டரை முழுதாக ரீசெட் செய்து உங்கள் பெயரில் புதிதாகச் சேருங்கள், டிவியையும் அப்படியே. டிவியை அழிக்கும் முன்னால் அப்பா கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்தவற்றின் பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்தால் அது திரும்ப வராது.

மற்றவர்களுக்கு: வீட்டில் ஒருவர் போய்விட்டால் பதினாறாம் நாள் காரியம் முடியும் வரையாவது அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்யுங்கள். அப்புறம் ஒவ்வொரு கணக்காக எண்ணை மாற்றி முடித்தபின் விடுங்கள்.

*

இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் வீட்டு டிவியில் யார் லாகின், மேடம்?
(இந்திரா நகர் வாசகர்)

என் தங்கை மகன். 2019இல் லீவுக்கு வந்தவன், உலகக் கோப்பை கிரிக்கெட் பார்க்க லாகின் செய்துவிட்டு டொரன்டோ போய்விட்டான். அங்கே பனி அள்ளுகிற மெஷின் விளம்பரம் அவனுக்குப் போக வேண்டியது, எனக்கு வருகிறது. போன மாதம் போனில், "பெரியம்மா, என் லிஸ்ட்ல ஏன் எட்டு சுப்ரபாதம் இருக்கு?" என்று கேட்டான். வெளியேற்றுகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாமியார் அவன் கணக்கில் ஒரு சீரியலில் 140ஆவது எபிசோடில் இருக்கிறார். முடியட்டும் என்று இருக்கிறேன்.